பாய்லருக்குத் தைத்த சொக்கா

தாம்பரம் ரயில்வே காலனியில் பீரோ வாங்க நினைத்தவர்கள் யாரும் நேரே கடைக்குப் போனதில்லை. முதலில் அசரியாவிடம்தான் போனார்கள். அவர் டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வருவார். நிலைப்படி, நடையின் திருப்பம், மாடிப்படியின் கைப்பிடி எல்லாவற்றையும் அளப்பார். கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நிற்பார். பிறகு, "வாங்கலாம். ஆனா படுக்கவெச்சு, தலைப்பக்கமா உள்ள வரணும்" என்று தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. சந்து வீடுகளில் யாராவது கர்த்தருக்குள் நித்திரையடைந்தாலும் ஆள் அவருக்குத்தான் வரும். உள்ளே அழுகை நடந்துகொண்டிருக்கும்போதே, பெட்டி எந்த வாசல் வழியாக வெளியேறும் என்று ஓரமாக நின்று அளந்துகொண்டிருப்பார். அழுகிறவர்களும் அவருக்கு வழிவிட்டு நகர்ந்து நின்று அழுவார்கள்.

இதெல்லாம் அவர் செய்த தர்மம். சம்பளத்துக்குச் செய்த வேலை இன்னும் பெரியது. டிரான்ஸ்பார்மர், பாய்லர், ராட்சதக் குழாய் என்று வழக்கமான வேகனின் அளவுக்கு அடங்காத சரக்கு ஏதாவது ரயிலேறப் போகிறது என்றால், அது கிளம்புவதற்கு முன்னால் ஒருவர் அந்தப் பாதை முழுக்கப் போய், எங்கே இடிக்கும், எங்கே உரசும் என்று பார்த்துவர வேண்டும். பிளாட்பாரக் கூரை, சிக்னல் கம்பம், பாலத்தின் தோள், மின்கம்பி எதுவானாலும் சரி. தென்சென்னைப் பக்கத்தில் அந்த ஒருவர் அசரியா. அவருடைய பதவிக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. டிராலி தள்ளுகிறவர்கள் அதைச் சுருக்கி, "சரக்குக்கு சொக்கா தைக்கிறவரு" என்றார்கள்.

பெயர் பொருத்தமானதுதான். வரப்போகும் சரக்கின் வயிறும் தோளும் எவ்வளவோ, அதே அளவில் மரச்சட்டங்களால் ஒரு கூடு செய்து தள்ளுடிராலியின் மேல் நிறுத்துவார்கள். கூட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய மரச் சிம்புகள் விரல்களைப்போல நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு விரல் நுனியிலும் சுண்ணாம்பில் நனைத்த துணி. டிராலியைத் தண்டவாளத்தில் மெல்லத் தள்ளிக்கொண்டு போவார்கள். விரல் எதைத் தொடுகிறதோ அதில் வெள்ளையாக ஒரு தீற்றல் விழும். தீற்றல் விழுந்த பொருளை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அசரியாவின் சுண்ணாம்பு பட்டு, ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் ஆசை ஆசையாக வளர்த்த முருங்கை மரம்கூடப் போயிருக்கிறது.

பெரிய பொருள்களைச் சின்ன இடங்களில் நுழைப்பதையே பிழைப்பாகக் கொண்ட இந்த மனிதருக்கு ஆண்டவர் பெரிய உடம்பைத்தான் கொடுத்திருந்தார். அதில் அவருக்குக் குறையில்லை. ஏனென்றால் வருஷத்தில் ஒரு மாதம் அந்த உடம்புக்கு உத்தியோகம் இருந்தது. டிசம்பர் வந்தால் வீடு வீடாகப் பாடிப் போகும் சபையின் கேரல் ரவுண்ட்ஸில் அவர்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. மற்ற சபைத் தாத்தாக்கள் வயிற்றில் தலையணை கட்டிக்கொள்வார்கள். அசரியாவுக்குத் தலையணை தேவைப்பட்டதில்லை. சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, பஞ்சுத் தாடியோடு கடப்பேரி முதல் இரும்புலியூர் வரை அவர் ஆடிக்கொண்டு போனால், குழந்தைகள் நிஜத் தாத்தா வந்துவிட்டார் என்றே அழுவார்கள். பீரோவும் சவப்பெட்டியும் அவருக்கு மரியாதையைத்தான் தந்தன. சந்தோஷம் அந்தக் கோட்டில் இருந்தது.

எண்பத்தைந்தாம் வருஷம் நவம்பரில், ஆராதனை முடிந்து சபை மக்கள் எல்லாரும் வேப்பமரத்தடியில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தபோது, கேரல் செயலாளர் ஏசுபாதம் தொண்டையைச் செருமினார். ஏசுபாதம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் நிரூபித்துவிட்டுத்தான் முடிவு சொல்வார். அன்று முடிவை முதலில் சொன்னார்.

"இந்த வருஷம் தாத்தா நம்ம ஜெபசீலன்."

ஜெபசீலன் அவருடைய மருமகன். குடைக்கம்பிக்குக் கோட்டு மாட்டினாலும் அவனைவிடப் பருமனாகத் தெரியும்.

"அப்போ நானு?" என்றார் அசரியா.

"பிரதர், தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் என் வூட்டு கேட்டாண்ட நடந்தது ஞாபகம் கீதா? நீங்க உள்ள வரதுக்குள்ள பாட்டு முடிஞ்சிடுச்சி. ஊருல எந்த லோடு எந்த வாசல்ல போகும்னு சொல்றவரு நீங்க. நீங்க எந்த வாசல்ல போவீங்கன்னு யாரு சொல்றது?"

சபை சிரித்தது. போதகர் சிரிப்பை அடக்கக் காபித் தம்ளருக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார், அது நுழைந்தது. அசரியாவின் மனைவி செல்வமேரியும் சிரித்தாள், ஆனால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. அசரியா எல்லாவற்றையும் பார்த்தார். மிச்சக் காபியைக் குடித்து முடித்தார். தாத்தா கோட்டு போனதில் பாதி வருத்தம்தான். அந்தக் கேட்டை அளந்து கொடுத்தவரே அவர்தான் என்பது மிச்சப் பாதி.

கதை இப்படி. இரும்புலியூரை ஒட்டி ஒரு தொழிற்சாலைக்குக் கிளைப் பாதை ஒன்று போகிறது. சரக்கு வந்தால் ரயில், வராவிட்டால் ஆடு மேயும். அந்தப் பாதையை ஒட்டி ஏசுபாதம் மனை வாங்கி வீடு கட்டினார். வாசலுக்கு முன்னால் இருந்த நாலடி நிலம் ரயில்வேயுடையது. அதில் ஒரு கேட்டும் அதன் மேல் 'பெத்லகேம் இல்லம்' என்று எழுதிய சிமெண்ட் வளைவும் வைக்க அவருக்கு ஆசை. ரயில்வே என்றைக்குக் கேட்டாலும் எடுத்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அசரியா போய் டேப் பிடித்து, எப்பேர்ப்பட்ட சரக்கு வந்தாலும் உரசாத இடமாகப் பார்த்து, மூன்று அங்குலம் தாராளமும் விட்டு முளையடித்துக் கொடுத்தார். அன்றைக்கு அவர்கள் நண்பர்கள். முளையடித்து முடித்ததும் மெட்டில்டா, அதாவது வாத்தியாரின் மனைவி, இருவருக்கும் அச்சுமுறுக்கு கொடுத்தாள்.

அந்த டிசம்பரில் ஜெபசீலன் கோட்டுக்குள் தொலைந்துபோய் வீடு வீடாக ஆடினான். அசரியா காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். பாட்டுச் சத்தம் ஜன்னலைக் கடந்து போகும்போது, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, அந்த வளைவை எடுப்பதற்கு எவ்வளவு பெரிய சரக்கு வரவேண்டும் என்று கணக்குப் போட்டார். ஜெபங்களில் வேறு எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஜெபம் கேட்கப்பட்டது. அடுத்த ஆகஸ்டில், அந்தக் கிளைப் பாதைத் தொழிற்சாலைக்குத் துறைமுகத்திலிருந்து ஒரு பாய்லர் வருவதாகத் தகவல் வந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்த அசரியா, பெண் பார்க்கப் போனவர் போட்டோவைப் பார்ப்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உருண்டு திரண்டு வாட்டசாட்டமான பாய்லர். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாவி பாய்லர் ஏசுபாதத்தின் வளைவை மூன்று அங்குலம் தள்ளியே போனது. அவர் அவ்வளவு நல்ல இடமாக முளையடித்துக் கொடுத்திருந்தார். தன் நேர்மையை நினைத்து அவர் மனம் விட்டு அழுதது அந்த ஒரு தடவைதான்.

அழுது முடித்ததும் தச்சுக் கொட்டகைக்குப் போனார். தச்சர் சாப்பிடப் போயிருந்தார். கூட்டின் இடப்பக்கத்துப் பெரிய விரலை அவிழ்த்து, நாலு அங்குலம் நீளமான வேறொரு சிம்பை அதே இடத்தில் கட்டினார். தொழிற்சாலைக்குப் போகும்போது வளைவு இடப்பக்கம் வரும். விரல் அதில் ஓர் அங்குலம் உரசும். கணக்கு வாத்தியாருக்குக் கணக்கிலேயே பதில் சொல்லியாயிற்று.

சர்வே அன்று காலை, டிராலி ஆட்களின் தலைவர் சவுரிமுத்து கூட்டைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, இந்தப் பக்கத்து வெரலு மட்டும் நீளமா கீது?"

"காயாத மரம் சவுரி. போகப்போக சுருங்கிடும்."

"மரம் சுருங்குமா? இருவது வருஷமா தள்ளிகினு கீறேன், நான் பாத்ததில்லியே."

"நீ தள்ளு."

சவுரிமுத்து தள்ளினார். அசரியா டிராலி பெஞ்சில் குடையின் கீழ் அமர்ந்து, கவர்னர் ஊர்வலம் போவதுபோல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார். வளைவு நெருங்கியது. விரல் 'பெத்லகேம்' என்பதன் மேல் மெல்லத் தொட்டு, சற்றே வளைந்து, வெள்ளையாக ஒரு கோடு இழுத்துவிட்டுத் தாண்டியது. கேட்டுக்குள் லுங்கியோடு நின்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஏசுபாதம் நிமிர்ந்து பார்த்தார்.

"பிரதர், இன்னாது இது?"

"லோடு வருது வாத்தியாரே. ஒங்க வளைவு கொஞ்சம் குண்டாகீது. உள்ள வர மாட்டேங்குது."

இந்த வாக்கியத்தை அவர் ஒன்பது மாதமாக ஒத்திகை பார்த்திருந்தார். ஏசுபாதத்தின் கையிலிருந்த தாள் தாழ்ந்தது. அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை என்பதுபோல அசரியா முன்னால் பார்த்தார். அவர் வாழ்க்கையில் மிக நல்ல காலை அது. பகல் வரைதான் நீடித்தது.

தொழிற்சாலை வாசலில் உதவிப் பொறியாளர் யக்ஞநாராயணன் காத்திருந்தார். வேறு வேலையாக வந்தவர், "நானும் டிராலியில தாம்பரம் வந்துடறேன்" என்றார். டிராலி ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெஞ்சில் ஆபீசர் உட்கார்ந்தால், அவர் போகிற திசையைப் பார்த்துத்தான் உட்காரவேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு போனால் ஆபீசருக்கும் அழகில்லை, தள்ளுகிறவர்களுக்கும் மரியாதையில்லை. ஆகவே அசரியா தொழிற்சாலை கேன்டீனில் இரண்டாவது வடையைக் கடித்துக்கொண்டிருந்தபோது, சவுரிமுத்துவும் மற்றவர்களும் "ஏலேலோ" போட்டு, டிராலியைக் கூட்டோடு அப்படியே தூக்கி, தலைமாற்றித் திருப்பி, தண்டவாளத்தில் வைத்துவிட்டார்கள். ஆட்டுக்குட்டியைத் தூக்கித் திருப்பி நிறுத்துவதுபோல அவ்வளவு சுலபமாக. அசரியா வந்து பொறியாளர் பக்கத்தில் ஏறி அமர்ந்தார். நெஞ்சு முழுக்க வளைவு இருந்ததால் விரலைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் அந்த நீண்ட விரல் ஏசுபாதத்தின் வளைவுக்கு எதிர்ப்பக்கத்தில் நீட்டிக்கொண்டு வந்தது. எதிர்ப்பக்கத்தில், கிளைப் பாதை காலனியைத் தொடும் இடத்தில், கடைசி குவார்ட்டர்ஸ் ஒன்று உண்டு. அந்தக் குவார்ட்டர்ஸின் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, செங்கல் சுவர் வைத்து, செல்வமேரி மூன்று வருஷம் நச்சரித்துக் கட்டவைத்த குளியலறை உண்டு. அதற்கு முன்பு அவள் பொதுக்குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்றவள். அந்தச் சுவருக்கும் இடம் பார்த்து முளையடித்தவர் அசரியாதான். ஏசுபாதத்துக்குப் போட்ட அதே கணக்கு, அதே மூன்று அங்குலத் தாராளம். வேறு கணக்கு அவருக்குத் தெரியாது.

விரல் சுவரைத் தொட்டது. வளைந்தது. செல்வமேரி ஆசையாக மஞ்சள் அடித்திருந்த சுவரில் வெள்ளைக் கோடு விழுந்தது. தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தவள் உள்ளேயிருந்து கத்தினாள்.

"யாருங்க அது செவுத்த பிராண்டறது?"

டிராலி நின்றது. யக்ஞநாராயணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இது யாரோட பாத்ரூம் மிஸ்டர் அசரியா?"

அசரியா விரலைப் பார்த்தார். டிராலியைப் பார்த்தார். பிறகு சவுரிமுத்துவைப் பார்த்தார். சவுரிமுத்து, "ஆபீசர் முதுகு காட்டிகினு வந்தா நல்லாயிருக்குமா சார்?" என்றார்.

"என்னோடதுதான் சார்," என்றார் அசரியா.

பொறியாளர் இளகிய மனதுக்காரர். "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். கூட்டை இங்கயே இறக்கி இன்னொரு தடவை அளந்து பாத்துடலாமே? ஒரு அங்குலம்தானே உரசுது. மரவேலைல தப்பு வர்றது சகஜம்."

அசரியா முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அளந்தால் விரல் நாலு அங்குலம் அதிகம் என்று தெரியும். குளியலறை பிழைக்கும். கூடவே வளைவும் பிழைக்கும். இனி ஆயுள் முழுக்க 'பெத்லகேம் இல்லம்' என்ற எழுத்தின் கீழே லுங்கியோடு நின்று ஏசுபாதம் பேப்பர் படிப்பார். அளக்காவிட்டால் இரண்டும் போகும். உள்ளேயிருந்து சீயக்காய் வாசனை வந்தது. மனைவி, மக்கள், வெந்நீர் அண்டா எல்லாம் அவர் மனக்கண்ணில் வந்து நின்றன. அவற்றின் பின்னால், காபித் தம்ளருக்குள் சிரித்த போதகரும் வந்தார்.

"வேணாம் சார்," என்றார் அசரியா. "கூடு சரியாத்தான் கீது. என் செவுருதான் தப்பா நின்னுகினு கீது. எடுத்துடலாம்."

யக்ஞநாராயணன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வாரம் ஆபீஸ் கூட்டத்தில், சொந்தக் குளியலறை என்றும் பாராத கடமை வீரர் என்று பேசி மாலை போட்டார். செய்தி சபைக்கும் போயிற்று. போதகர் அதையே பிரசங்கமாக வைத்து, தன்னுடையது என்று வரும்போது சுண்ணாம்பை மறைக்காத மனிதர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டார். முன் வரிசையில் ஏசுபாதம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அசரியா தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் அதைத் தாழ்மை என்றார்கள்.

வளைவை இடித்த அன்று அவர் லீவு போட்டுவிட்டு, எதிரே கல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி பார்த்தார். முதலில் 'பெத்' போயிற்று. பிறகு 'லகேம்'. கடைசியில் கேட்டைக் கழற்றினார்கள். கடலை தீர்ந்ததும் எழுந்து வீட்டுக்கு வந்தார். அங்கே அதே கடப்பாரைகள் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தன.

அதற்கப்புறம் அவர் ஆபீஸ் தொட்டியில் குளித்தார். இடித்த இடத்தில் அவர் கட்டிக்கொடுத்த கீற்று மறைப்புக்குள் குளிக்கச் செல்வமேரி மறுத்துவிட்டாள். நேரே கிளைப் பாதையைத் தாண்டி, கேட்டும் வளைவும் இல்லாமல் திறந்து கிடந்த வாசலுக்குள் போய், "அக்கா, உங்க பாத்ரூமுல ரெண்டு சொம்பு ஊத்திக்கவா?" என்று மெட்டில்டாவைக் கேட்டாள். மெட்டில்டா கதவைத் திறந்துவிட்டாள். ஒரு நாள் போனது தினமும் ஆயிற்று. தலை காயும்வரை இருவரும் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். எதிரியின் வீட்டுச் சந்தன சோப்பு வாசனை தினமும் மாலையில் அசரியாவின் வீட்டுக்குள் நடந்து வந்தது. சாப்பாடு போடும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாங்க, சாம்பார் புடிக்கலியா?"

"சோப்பு புடிக்கல."

"அப்போ பாத்ரூம் கட்டிக்குடுங்க."

பாய்லர் வந்தது. ஊரே வேடிக்கை பார்த்தது. மாப்பிள்ளை அழைப்பு போல ஆட்கள் முன்னும் பின்னும் நடக்க, அது ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. வளைவு நின்ற இடத்தில் ஒரு ஆடு நின்றிருந்தது. பாய்லர் அதையும் தொடவில்லை. செல்வமேரி தன் இடிந்த சுவரின் அடிக்கல் மேல் ஏறி நின்று, பாய்லருக்கும் தனக்கும் இடையே இருந்த காற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சவுரிமுத்துவைக் கூப்பிட்டு, மோர் கொடுத்து, ஏதோ விசாரித்தாள்.

டிசம்பர் பிறந்தது. பிரசங்கம் கேட்ட சபை, இந்த வருஷம் அசரியாதான் தாத்தா என்று ஒரே குரலில் சொன்னது. ஏசுபாதம் மறுக்கவில்லை. தானே கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முதல் ரவுண்ட் அன்று விளக்கு வைக்கும் வேளையில் அசரியாவின் வீட்டுக்கு வந்தார். கேரல் கோஷ்டி வாசலில் கிட்டாரோடு நின்றது.

"பிரதர், மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க. போட்டுக்குங்க."

வெற்றி என்றால் இதுதான் என்று அசரியாவுக்குத் தோன்றியது. கேட்டு இல்லாத அந்த வாசலில் இன்றைக்கு ஆடிக்கொண்டு நுழைவார். கைகளை நுழைத்தார். தோள் சரியாக இருந்தது. பொத்தானைப் போட இழுத்தார். வரவில்லை. மூச்சை அடக்கி இழுத்தார். அப்போதும் வரவில்லை. தொழில் பழக்கத்தில் கை தானாக இடுப்பு டேப்புக்குப் போயிற்று. இரண்டு ஓரங்களுக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம். ஒரு நூல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. பக்கவாட்டில் புதுச் சிவப்பு நூலில், மெஷின் தையல் பளிச்சென்று தெரிந்தது.

"இன்னா பிரதர், பத்தலியா?" என்றார் ஏசுபாதம் மிகுந்த கவலையோடு. "காயாத துணி பிரதர். போகப்போக நீண்டுக்கும்."

அசரியாவின் காது சூடேறியது. இந்த வசனத்தை அவர் சொன்னது ஒரே ஒருவரிடம். அந்த ஒருவர் மோர் குடித்தது ஒரே ஒரு வீட்டில். கோட்டின் உள்பக்கத்திலிருந்து சந்தன சோப்பு வாசனை மெல்ல எழுந்து மூக்கில் ஏறியது. அவர் திரும்பிப் பார்த்தார். செல்வமேரி சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள்.

"நான்தான் புடிச்சேன், அக்கா தைச்சாங்க," என்றாள். "நாலுதானேங்க? என் பாத்ரூமு போனதும் அந்த நாலுலதானே?"

வாசலில் கோஷ்டி காத்திருந்தது. வாய் திறந்தால், எந்த நாலு என்று யாராவது கேட்பார்கள். பஞ்சுத் தாடியைக் கட்டிக்கொண்டார். கோட்டுக்கு நடுவே பனியன் தெரிய, கடமை வீரர் வீடு வீடாக ஆடினார். குழந்தைகள் அந்த வருஷம் அழவில்லை, சிரித்தார்கள். ஏசுபாதத்தின் வாசலில் அவர் நுழைந்தபோது இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது. மெட்டில்டா அச்சுமுறுக்கு கொடுத்தாள். அதிலும் சோப்பு வாசனை அடிப்பதாக அவருக்குப் பட்டது, ஆனாலும் தின்றார்.

ஓய்வு பெற்ற பிறகு முடிச்சூரில் மனை வாங்கினார். முதலில் கட்டியது குளியலறை. டேப்பின் மறுமுனையைச் செல்வமேரி பிடித்துக்கொண்டாள், எத்தனை அங்குலம் என்பதை அவளே சொன்னாள். ஏசுபாதம் பழைய இடத்திலேயே வளைவை மறுபடியும் கட்டிவிட்டார் என்ற செய்தியும் முடிச்சூருக்கு வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், பழைய பாதையைப் பெயர்த்துவிட்டு அகலப் பாதை போடுகிறார்கள் என்ற செய்தியோடு சவுரிமுத்து பார்க்க வந்தார். அசரியா சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். செல்வமேரி உள்ளே இருக்கிறாளா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏன் சவுரி, அகலப் பாதைன்னா இன்னும் பெரிய லோடு வரும் இல்ல?"